தலை நின்றதா? கை நீட்டுகிறதா? கூப்பிட்டால் திரும்புகிறதா?



குழந்தை பிறந்ததும் வீட்டில் முதலில் கேட்பது எடை எவ்வளவு என்பதுதான். "மூணு கிலோ இருக்குங்க" என்றால் எல்லோருக்கும் சந்தோஷம். எடை முக்கியந்தான். ஆனால் வளர்ச்சி என்பது எடையும் உயரமும் மட்டும் அல்ல. தலை நிற்பது, முகம் பார்த்துச் சிரிப்பது, கையை நீட்டிப் பிடிப்பது, கூப்பிட்டால் திரும்புவது, உட்காருவது, பேசுவது ஆகிய எல்லாம் மூளையும் நரம்பும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதற்கு அடையாளம். எடை நன்றாக இருந்தும் இவற்றில் பின்தங்கிய குழந்தைகள் உண்டு. பிள்ளை கொழுகொழுவென்று இருப்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. அங்கேதான் காலம் வீணாகிறது.

உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. குழந்தைக்குக் குழந்தை நாள் மாறும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தது, நம்ம பிள்ளை பதினாலு மாதத்தில் நடந்தது என்றால் அது குறை ஆகாது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துக் குறித்துவைத்து, 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி பிடிமானம் இல்லாமல் உட்காருவது ஏறக்குறைய 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள். கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5 மாதத்திலிருந்து 13½ மாதத்துக்குள். தானாக நடப்பது 8 மாதத்திலிருந்து 17½ மாதத்துக்குள். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் இப்படித் தவழாமலேயே எழுந்து நடந்துவிட்டன. ஆகவே, "எம் புள்ள தவழவே இல்லீங்க" என்று அதை மட்டும் வைத்துக் கவலைப்பட வேண்டாம். ஆனால் எந்தப் படிக்கும் கடைசி எல்லை ஒன்று உண்டு. அந்த எல்லையைத் தாண்டியும் "அவங்கப்பாவும் லேட்டாத்தான் நடந்தாரு" என்று சொல்லிக்கொண்டு இருக்கக் கூடாது.

நம் முன்னோர் இதையெல்லாம் கவனிக்காதவர்கள் அல்ல. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக வகுத்தார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, தலையை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. பதின்மூன்றாம் மாதம் வருகை: தளர்நடை போட்டு வருவது. பதினைந்தாம் மாதம் அம்புலி: நிலாவைக் காட்டி அழைப்பது. இன்றைக்குக் குழந்தை டாக்டர் அந்த வயதில் கேட்கிற கேள்வியும் அதுதான்: "நீங்க கையை நீட்டிக் காட்டினா பார்க்குதா? அதுவா எதையாச்சும் விரலை நீட்டிக் காட்டுதா?"

எந்த மாதத்தில் எதைப் பார்ப்பது?

இரண்டு மாதம் ஆகும்போது குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்க வேண்டும். தூக்கத்தில் தானாகச் சிரிப்பதைச் சொல்லவில்லை. நீங்கள் சிரித்தால் அதுவும் சிரிக்க வேண்டும். மூன்று மாதம் முடிந்தும் அப்படிச் சிரிக்காவிட்டால் காட்டுங்கள். கண் பார்வையில் கோளாறு இருந்தாலும் சிரிப்பு தள்ளிப்போகும்.

நான்கு மாதத்தில் தலை நிற்க வேண்டும். தூக்கினால் தலை பின்னால் தொங்கக் கூடாது. நான்கு முதல் ஆறு மாதத்தில் குப்புற விழும். கையில் கொடுத்ததைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகும். "எல்லாத்தையும் வாயில வெக்குது" என்று கையைத் தட்டிவிடாதீர்கள். அந்த வயதில் வாயும் ஒரு கைதான். பொருள் கடினமா, மெத்தென்று இருக்கிறதா என்று அதனால்தான் தெரிந்துகொள்கிறது. சுத்தமான பொருளாக, விழுங்கிவிடாத அளவுள்ளதாகக் கொடுங்கள். ஊக்கு, காசு, புளியங்கொட்டை, வேர்க்கடலை ஆகியவை எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

ஒன்பது மாதத்தில் உட்கார வேண்டும். ஒரு கையிலுள்ள பொருளை இன்னொரு கைக்கு மாற்ற வேண்டும். "ப்பாப்பா, ம்மாம்மா" என்று அடுக்கிச் சொல்ல வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். ஒரு வயது ஆகியும் திரும்பவில்லையென்றால் காதையும் பார்க்க வேண்டும், மற்றதையும் பார்க்க வேண்டும். ஒரு வயதுக்கு முன்னும் பின்னும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரே ஒரு பொரியைப் பொறுக்கி எடுக்கும். வீட்டிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். ஆனால் பக்கத்திலேயே இருங்கள்.

ஒன்றரை வயதில் நடை வந்திருக்க வேண்டும். பொருளோடு சில சொற்கள் சொல்ல வேண்டும். விரல் நீட்டிக் காட்ட வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். மூன்று வயதில் வெளியாள் கேட்டாலும் பேச்சின் பெரும்பகுதி புரிய வேண்டும்.

எந்த வயதானாலும், வந்த பேச்சோ வந்த வேலையோ திரும்பிப் போய்விட்டால், அதாவது முன்பு சொல்லிய சொல்லை இப்போது சொல்வதில்லை, முன்பு உட்கார்ந்தது இப்போது சாய்ந்துவிடுகிறது என்றால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அந்த வாரமே டாக்டரிடம் போக வேண்டும். நான்கு முதல் எட்டு மாதக் குழந்தை தூங்கி எழுந்ததும் தலையைக் குனிந்து, கையை விரித்து, திடுக் திடுக்கென்று அடுத்தடுத்துத் தூக்கிப்போட்டால் அது பயமும் அல்ல, வயிற்று வலியும் அல்ல, உரம் விழுந்ததும் அல்ல. அது ஒருவகை வலிப்பு. அன்றைக்கே போக வேண்டும். முடிந்தால் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். டாக்டருக்கு அது பத்து வார்த்தைக்குச் சமம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால், இன்றைய வயதில் இரண்டு மாதத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஆறு மாதக் குழந்தையை நான்கு மாதக் குழந்தையாக எண்ணிக்கொள்ள வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழிக்கலாம். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது. அது பிறந்த தேதிப்படிதான்.

உங்கள் கையிலுள்ள தாய் சேய் நல அட்டையிலேயே இந்தப் படிகள் படத்தோடு போட்டிருக்கின்றன. தடுப்பூசிப் பக்கத்தைத் தவிர வேறு பக்கத்தை நம்மில் பலர் புரட்டுவதே இல்லை. பக்கத்துக் கேரளத்தில், திருவனந்தபுரத்திலுள்ள குழந்தை வளர்ச்சி மையத்தார் 17 கேள்விகளை மட்டும் வைத்து ஓர் எளிய அட்டை தயாரித்து 1991-ல் வெளியிட்டார்கள். குழந்தையின் வயது இருக்கும் இடத்தில் ஒரு பென்சிலை நெட்டுக்குத்தாக வைப்பது. பென்சிலுக்கு இடது பக்கம் முடிந்துபோன வேலைகளில் ஒன்றையாவது குழந்தை செய்யவில்லையென்றால் மேற்கொண்டு சோதிப்பது. அவ்வளவுதான். பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

ஒரு கை மட்டும் வேலை செய்தால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது பெருமைக்குரியதாகத் தோன்றி ஏமாற்றுகிற அடையாளம்.

ஒரு கிராமத்து முகாமுக்குப் பதினோரு மாதக் குழந்தையை ஒரு தாய் தடுப்பூசிக்காகக் கொண்டுவந்தாள். கிலுகிலுப்பையைக் காட்டியதும் குழந்தை வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டது. "பொறந்ததிலேருந்தே சோத்தாங்கைதாங்க, பீச்சாங்கையைத் தொடவே தொடாது" என்று பாட்டி பெருமையாகச் சொன்னார்கள். கிலுகிலுப்பையை இடது பக்கம் கொண்டுபோனோம். அப்போதும் குழந்தை உடம்பைத் திருப்பி வலது கையாலேயே எட்டிப் பிடித்தது. இடது கை மூடியபடி இருந்தது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது.

ஒரு வயதுக்குள் குழந்தைக்கு வலக்கை, இடக்கை என்ற பேதம் கிடையாது. இரண்டு கையாலும் மாறி மாறி எடுக்கும். எந்தக் கைப்பழக்கம் என்பது தெளிவாகத் தெரிவதற்கு இரண்டு வயது, மூன்று வயதுகூட ஆகும். ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் உபயோகித்தால், மற்றக் கையில் பலம் குறைவோ விறைப்போ இருக்கலாம் என்று பொருள். மூளையின் ஒரு பக்கத்தில் பிறக்கும் முன்போ பிறக்கும்போதோ ஏற்பட்ட பாதிப்பு இப்படித்தான் முதலில் தலைகாட்டும். கால் பிறகுதான் தெரியும். நடக்கும்போது அந்தப் பக்கம் நுனிக்காலில் ஊன்றும்.

அந்தக் குழந்தையை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினோம். மூளைவாதம் என்று சொன்னார்கள். வீட்டில் அழுகை, வாக்குவாதம், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்வது எல்லாம் நடந்தது. நேர்த்திக்கடனை நாம் தடுக்கவில்லை. அதையும் செய்யுங்கள், பயிற்சிக்கும் வாருங்கள் என்றுதான் சொன்னோம். வந்தார்கள்.

பயிற்சி என்றால் என்ன? நல்ல கையான வலது கைக்குத் துணியில் தைத்த ஒரு சின்னப் பையை மாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் இடது கைக்கு மட்டும் விளையாட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். எவ்வளவு நேரம், எத்தனை நாள் என்பதை அவர்களே குறித்துக்கொடுத்தார்கள். இதை நாமாக எண்ணிச் செய்யக் கூடாது. பிறகு இரண்டு கையும் வேண்டியிருக்கிற வேலைகள்: பெரிய பந்தைப் பிடிப்பது, டப்பா மூடியைத் திறப்பது, சப்பாத்தி மாவை உருட்டுவது. குளிப்பாட்டும்போது இடது உள்ளங்கையைத் தேய்த்து விரலை மெதுவாக விரித்துவிடுவது. சட்டை போடும்போது இடது கையை முதலில் நுழைப்பது, கழற்றும்போது கடைசியில் எடுப்பது.

நான்கு வயதில் அந்தப் பையன் இடது கையால் தட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் தானாகச் சாப்பிட்டான். இடது கை முழுக்கக் குணமானது என்று சொல்லமாட்டோம்; ஆகவில்லை. பொத்தான் போட இன்னும் சிரமப்பட்டான். ஆனால் அந்தக் கை துணைக்கையாக வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போனான்.

இது என்ன சிகிச்சை?

இதற்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். செயல்வழிச் சிகிச்சை என்று தமிழில் சொல்லலாம். பெயரைக் கேட்டு, "குழந்தைக்கு என்ன வேலை வாங்கிக் கொடுக்கப் போறீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். குழந்தையின் வேலை விளையாடுவது, சாப்பிடுவது, உடுத்துவது, குளிப்பது, பிறகு எழுதுவது. இந்த வேலைகளைக் குழந்தை தானாகச் செய்யும்படி பழக்குவதுதான் இந்தச் சிகிச்சை. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. பக்கத்திலேயே இயன்முறை மருத்துவர் இருப்பார். அவர் முக்கியமாகப் பார்ப்பது தசை, மூட்டு, உட்காருதல், நடை. இவர் பார்ப்பது கை, விரல், வாய், அன்றாடக் காரியம். பல குழந்தைகளுக்கு இருவரும் வேண்டும்.

நம் நாட்டில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளியை 1950-ல் பம்பாயில் கமலா நிம்ப்கர் என்ற அம்மையார் தொடங்கினார். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே தங்கியவர். எழுபது ஆண்டு தாண்டியும் கிராமங்களில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு என்பதில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு.

முன்பெல்லாம் கால் வராத குழந்தை என்றால் போலியோ என்றுதான் ஊரில் சொல்வார்கள். இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார்; 2014 மார்ச்சில் நம் பகுதி போலியோ அற்றது என்று சான்று கிடைத்தது. இப்போது காரணங்கள் வேறு. குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த எடை, பிறந்ததும் அழாமல் மூச்சுத் திணறியது, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல், தைராய்டு சுரப்புக் குறைவு, காது கேளாமை என்று பட்டியல் நீளும். சிலருக்குக் காரணமே தெரியாது. ஆனால் ஒன்று நிச்சயம்: கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால் அல்ல, அவள் ஜாதகத்தால் அல்ல, அவள் நடத்தையால் அல்ல. குழந்தைக்கு ஒன்று என்றால் மருமகளைத் திட்டுகிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டோம். திட்டுகிற நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.

ஏன் இந்த அவசரம் என்றால், மூளையின் வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளில் நடந்துவிடுகிறது. இரண்டு வயதில் மூளை, பெரியவர் மூளையின் அளவில் ஏறக்குறைய முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. அந்தக் காலத்தில் பழக்கினால் ஒரு பகுதியின் வேலையை வேறு பகுதி ஏற்றுக்கொள்ள இடமுண்டு. வயது ஏற ஏற அந்த நெகிழ்ச்சி குறையும், தசையும் இறுகிவிடும். தைராய்டு குறைவைப் பிறந்த சில வாரங்களுக்குள் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் அறிவு வளர்ச்சி கெடாமல் காக்கலாம். காதும் அப்படித்தான்: ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. நான்கு வயதில் "பேச்சு வரலைங்க" என்று வருகிற பிள்ளைகளில் பலருக்குப் பேச்சுக் கோளாறே இல்லை; காது கேட்காததால் பேச்சு வரவில்லை.

வீட்டில் செய்யக்கூடியது

குறை உள்ள குழந்தைக்கு மட்டும் அல்ல, எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தும்.

விழித்திருக்கும்போது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கையில், பாயில் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். கழுத்தும் தோளும் பலப்படும். தூங்கும்போது மட்டும் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். நாள் முழுவதும் தூளியிலேயே கிடக்கும் குழந்தைக்குக் கைகால் வீச இடமில்லை. தூளி தூங்குவதற்கு, விளையாடத் தரைதான்.

எண்ணெய் தேய்த்துக் கைகாலை உருவிவிடுவது நல்ல பழக்கம். மூக்கில் எண்ணெய் விடுவது, காதில் ஊதுவது, சேலையில் போட்டு உருட்டி உரம் எடுப்பது ஆகியவை வேண்டாம்.

நம் பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துத் தூக்குகிறார்களே, அது சும்மா சொல்லக் கூடாது, நல்ல முறை. இரண்டு காலும் அகன்று, முதுகு நிமிர்ந்து, குழந்தை உலகத்தைப் பார்க்கும். கால் விறைத்துக் கத்தரிபோல் பின்னிக்கொள்கிற குழந்தையை இப்படித் தூக்கும்படிதான் சிகிச்சையாளர்களும் சொல்கிறார்கள். அந்தக் குழந்தையை எப்போதும் மல்லாக்கக் கிடத்தாதீர்கள், விறைப்பு கூடும். இரண்டு சுவர் சேரும் மூலையில் தலையணை அணை கொடுத்து உட்கார வைத்தால், தோள் முன்னுக்கு வந்து கை இரண்டும் விளையாட வரும். இந்த மூலை இருக்கையை ஊர்த் தச்சரிடம் பலகையில் செய்துகொள்ளலாம். அளவைச் சிகிச்சையாளர் சொல்வார்.

ஊட்டும் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறோம். மல்லாக்கப் போட்டு, வாயைத் திறந்து, சங்கில் ஊற்றுவது ஆபத்து. பாலோ கஞ்சியோ மூச்சுக்குழாய்க்குள் போய் நெஞ்சுச் சளி வந்து இறந்த குழந்தைகள் உண்டு. விழுங்கச் சிரமப்படுகிற குழந்தைக்கு இது இரட்டிப்பு ஆபத்து. நிமிர்த்தி வைத்து, தலையைச் சற்றே முன்னால் குனிந்தபடி இருக்கச் செய்து, நேர் எதிரில் உட்கார்ந்து, கெட்டியாகக் குழைத்த சோற்றைச் சிறு கரண்டியில் கொடுங்கள். விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். பிடிக்கத் தெரியாத குழந்தைக்குக் கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றித் தடிப்பாக்கிக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். கீழே சிந்தும். சிந்தட்டும்.

நடை வராத குழந்தையை உட்கார்த்தி வைத்துத் தள்ளுகிற பிளாஸ்டிக் வாக்கர் இப்போது ஊர்ச் சந்தையிலும் விற்கிறது. அதில் நடை சீக்கிரம் வராது. நுனிக்காலில் உந்திப் பழகும், படியில் உருண்டு விழும், அடுப்பருகில் போகும். கனடா நாட்டில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நம் பழைய மூன்று சக்கர மர நடைவண்டி வேறு. குழந்தை தானே எழுந்து நின்று, பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிறது. உடம்பின் பாரம் அதன் காலிலேயே இருக்கிறது. பிடித்து நிற்கத் தெரிந்த பிறகு, கண்காணிப்பில் கொடுக்கலாம்.

விலை கொடுத்து விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டியதில்லை. கிண்ணத்துக்குள் கிண்ணம் அடுக்குவது, மூடியைத் திறந்து மூடுவது, மணலில் விரலால் கோடு போடுவது எல்லாம் கைக்குப் பயிற்சிதான். மூன்று வயதுக்கு மேல், எதையும் வாயில் போடாது என்று தெரிந்த பிறகு, பல்லாங்குழி ஆடச் சொல்லுங்கள். பென்சில் பிடிக்கிற விரல்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கடையில் கிடைக்காது. கோலப்பொடியைக் கிள்ளி எடுப்பதும் அப்படியே; பையனுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

செல்போனைக் கையில் கொடுத்துச் சோறு ஊட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டு வயதுக்குள் அது அறவே வேண்டாம், அதற்கு மேல் நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியிருக்கிறது. போன் பேசும், குழந்தை பதில் சொல்வதற்காகக் காத்திராது. நிலாவையும் காக்காயையும் காட்டி ஊட்டும்போது நீங்கள் காத்திருக்கிறீர்கள். பேச்சு அப்படித்தான் வருகிறது.

தகப்பன்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பயிற்சிக்கு வருகிற வரிசையில் நூற்றுக்குத் தொண்ணூறு தாய்தான் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் சமைத்து, பஸ் பிடித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, சாயங்காலம் போய் மறுபடி சமைக்கிறாள். மூன்று மாதத்தில் ஓய்ந்துபோய் வருவதை நிறுத்திவிடுகிறாள். வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் நீங்கள் பயிற்சி கொடுத்தால், நிறுத்தாமல் நடக்கும்.

எங்கே போவது?

அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் மருத்துவக் குழு வருகிறது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் இது. பிறப்பிலிருந்து 18 வயது வரை பிறவிக்குறை, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். குழு வருகிற அன்று கூலி வேலை இருந்தாலும் ஒருவராவது குழந்தையோடு இருங்கள். "எப்ப உட்கார்ந்துச்சு?" என்று கேட்டால் அங்கன்வாடி டீச்சர் எப்படிச் சொல்வார்?

சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அது இருக்கும். குழந்தை டாக்டர், இயன்முறை மருத்துவர், செயல்வழிச் சிகிச்சையாளர், காது பேச்சு நிபுணர், உளவியலாளர் ஆகியோர் பார்ப்பதற்கான இடம் அது. எல்லா ஊரிலும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. எந்த நாளில் யார் இருப்பார் என்று நர்சம்மாவைப் போனில் கேட்கச் சொல்லிவிட்டுப் போனால் அலைச்சல் மிஞ்சும். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் உண்டு. பள்ளி வயது ஆகவில்லையே என்று தயங்காமல் கேளுங்கள். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம். ஊனத்தின் அளவைக் குறித்த சான்றும் அடையாள அட்டையும் வாங்கி வைத்தால் உதவித்தொகைக்கும் பயணச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். அதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

போகும்போது தாய் சேய் நல அட்டை, பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு, முன்பு பார்த்த டாக்டர் சீட்டு எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். பிறந்ததும் அழுததா, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்களா, எத்தனை நாள் என்று நினைவுபடுத்தி எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பிடித்த விளையாட்டுச் சாமான் ஒன்றையும் எடுத்துப் போங்கள். புது இடத்தில் அழுகிற குழந்தை, தெரிந்த வேலையையும் செய்து காட்டாது.

அடுத்த குழந்தைக்கு முன்னால்

ஒரு குழந்தைக்குப் பயிற்சி நடக்கும்போது அடுத்தது வயிற்றில் வந்துவிட்டால் முதல் குழந்தையைத் தூக்க ஆள் இருக்காது. எந்தத் தம்பதிக்கும் மூன்று ஆண்டு இடைவெளி நல்லது. பயிற்சியில் குழந்தை உள்ளவர்களுக்கு அது மிக அவசியம். காப்பர்-டி, மாத்திரை, ஆணுறை, ஊசி எதுவானாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

சொந்தத்தில் கட்டியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவாகவே நூறு குழந்தைக்கு இரண்டு மூன்று குழந்தைகள் ஏதேனும் பெரிய பிறவிக்குறையோடு பிறக்கின்றன. மாமன் மகள், அத்தை மகன் போன்ற நெருங்கிய உறவில் மணந்தால் இது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. தாய்மாமனையே மணந்தால் இன்னும் கூடும். கட்டியாகிவிட்டது, அதற்காக யாரும் குற்றம் சொல்லவில்லை. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. முதல் குழந்தைக்குக் குறை இருந்தால் மட்டும், அடுத்ததுக்கு முன்னால் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசனை கேட்டுக்கொள்வது நல்லது.

கர்ப்பம் தரிக்க எண்ணும்போதே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்க வேண்டும். சமையலுக்கு அயோடின் உப்பு. பிரசவம் ஆஸ்பத்திரியில். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினால், வெயிலில் காட்டிக்கொண்டிராமல் உடனே தூக்கிக்கொண்டு போங்கள். இரவானால் 108-ஐக் கூப்பிடுங்கள்.